கோத்தகிரியிலிருந்து ஏஏ கூட்டத்துக்குப் போவது எப்படி?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அண்ணனுக்கு 38 வயது. கோவையில் ஒரு குடிநோய்ச் சிகிச்சை மையத்தில் இரண்டாவது முறையாகச் சேர்ந்து, குடியை நிறுத்தி, வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. 'இனிமேல் ஏஏ கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 'பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்'; குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கிற அமைப்பு. அது எங்கே நடக்கிறது, யாரைக் கேட்பது, போனால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடாதா, சர்ச்காரர்கள் நடத்துவதாமே, நானும் கூடப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் முகவரி கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் மானத்தைப் பற்றிய கேள்வி. அதை விட்டுவிட்டு முகவரியை மட்டும் கொடுத்தால் அண்ணன் போகமாட்டார்.

நான் மனநலச் சமூகப் பணியாளர். நீலகிரியில் குடிநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களோடும் அவர்கள் குடும்பத்தோடும் பல வருடம் வேலை பார்த்தவன். மருத்துவர் இல்லை, ஏஏ உறுப்பினரும் இல்லை. ஏஏவில் ஓப்பன் மீட்டிங், குளோஸ்டு மீட்டிங் என்று இரண்டு உண்டு. முதலாவதில் குடும்பத்தார், என் போன்றவர்கள், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இரண்டாவது, குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். நான் உட்கார்ந்ததெல்லாம் முதல் வகை. இரண்டாவதைப் பற்றி நான் சொல்வது அங்கே போய்வந்தவர்கள் சொல்லிக் கேட்டது, அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடுவதற்கு மூன்று வழி. ஏஏவின் இந்தியத் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது; ஜிஎஸ்ஓ என்பார்கள். அவர்கள் இணையதளத்தில் கூட்டங்களைப் பற்றிய விவரமும் உதவி எண்ணும் கிடைக்கும். இரண்டாவது, போதைப் பழக்கத்துக்கான தேசிய இலவச எண் 14446. மூன்றாவது, அண்ணன் சிகிச்சை எடுத்த அதே மையத்தின் ஆலோசகர். நான் இந்த மூன்றாவதில்தான் தொடங்கச் சொல்வேன், காரணம் கீழே வருகிறது. எதில் தேடினாலும், பட்டியலில் பார்த்த இடத்துக்கு நேராகக் கிளம்பிவிடாதீர்கள். மலையில் ஒரு குழு என்றால் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், இரவல் வாங்கிய ஓர் அறை, சாவி வைத்திருக்கும் ஒருவர். அவர் வேலை மாறிப் போனாலோ, பள்ளியில் பரீட்சை என்று அறையைக் கேட்டுக்கொண்டாலோ கூட்டம் வேறு தெருவுக்குப் போய்விடும். பட்டியல் பழையபடியே கிடக்கும். நான் இங்கே எந்த இடத்தையும் நேரத்தையும் எழுதாததும் அதனால்தான். மேலே சொன்ன வழிகளில் பேசி, இப்போது கூட்டத்தை நடத்துகிறவரின் குரலைக் கேட்டுவிட்டுப் போங்கள். கூட்டம் எந்த மொழியில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்துக்காரர்களுக்கு வயநாட்டின் மலையாளக் கூட்டம் பக்கம். உங்களுக்குக் குன்னூர், ஊட்டி, இல்லையென்றால் கீழே மேட்டுப்பாளையம், கோவை. கொடைக்கானலிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரை.

ஆலோசகரிடம் தொடங்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏஏ உண்மையில் உதவுகிறதா என்பதைப் பற்றி நெடுநாள் சண்டை நடந்தது. 2020ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவு வெளியிட்டது. அறவே குடிக்காமல் இருப்பது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், நோயாளியை ஏஏவோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற பேச்சு சிகிச்சைகளைவிடக் கொஞ்சம் மேலாகவே இருந்தது. ஓராண்டுக் கணக்கு ஒன்றில், குடிக்காமல் இருந்தவர்கள் ஏஏவோடு இணைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம், மற்ற சிகிச்சை பெற்றவர்களில் 35 சதவீதம். பெரிய வித்தியாசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் காசில்லாமல் கிடைக்கிற ஒன்றுக்கு இது சின்ன விஷயமும் இல்லை. இதில் பலரும் தாண்டிப் போய்விடுகிற இடம் 'முறையாக இணைத்துவிடும்' என்பது. போய்ப் பாருங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது இணைப்பது ஆகாது. ஆலோசகர் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே ஓர் உறுப்பினருக்குப் போன் போட்டு, இருவரையும் பேசவைத்து, முதல் நாள் எங்கே சந்திப்பது என்று முடிவு செய்வதுதான் இணைப்பது. கோவை மையத்தில் அதைச் செய்யவில்லை என்றால் இப்போது கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொன்றும் சொல்லவேண்டும்: அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலோ ஹட்டியிலோ இருக்கும் ஒருவருக்கு அதே அளவு பலன் கிடைக்கும் என்று அவற்றை வைத்து உறுதி சொல்ல முடியாது. கிடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாலு கூட்டத்தோடு நின்று, வேறு வழியில் தெளிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் பயம். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. ஒருவர் கூட்டத்தை நடத்துவார், ஏஏ என்றால் என்ன என்று ஒரு பத்தி வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராக, 'என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். இடையில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், புத்திமதி சொல்லமாட்டார்கள். பேச விருப்பமில்லை என்றால் 'இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்' என்றால் போதும். கட்டணம் கிடையாது, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். முதல் தடவை வந்தவர் போட வேண்டியதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது குழுக்கள் நடப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பன்னிரண்டு மரபுகளில் ஒன்று. கையெழுத்துப் பதிவேடு, ஆதார் நகல் எதுவும் இல்லை. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. ஆசைதான் தகுதி, நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கிற பத்து நிமிடத்தைத் தவறவிடாமல் இருக்கச் சொல்லுங்கள். போன் நம்பர்கள் கைமாறுவது அங்கேதான்.

இனி ஊருக்குத் தெரிவது. கோத்தகிரி மாதிரி ஊரில் கண்டக்டருக்கும் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும், எந்தப் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்கினார் என்பது அன்று சாயந்திரமே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். சென்னையில் எழுதப்பட்ட ஆலோசனைகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே கூட்டத்துக்குப் போனால் எதிர் நாற்காலியில் பங்காளியோ, பச்சைத் தேயிலை எடை போடுகிறவரோ, பழைய வாத்தியாரோ உட்கார்ந்திருக்கலாம். இது நடக்காது என்று நான் சொல்லப்போவதில்லை, நடக்கும். ஆனால் எதிரில் இருப்பவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே இருக்கிறார். உங்கள் அண்ணனை அங்கே பார்த்தேன் என்று வெளியே சொன்னால், தானும் அங்கே இருந்ததைச் சொன்னதாகிவிடும். யார் வந்தார், என்ன சொன்னார் என்பதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது ஏஏவின் அடிப்படை. பெயரிலேயே அது இருக்கிறது. அதே சமயம் அது சட்டம் இல்லை, மருத்துவமனைக் கேஸ் ஷீட் போலப் பூட்டி வைக்கப்படுவதும் இல்லை. மனிதர்கள் கடைப்பிடிக்கிற கட்டுப்பாடு, அவ்வளவே. ஆகவே முதல் சில கூட்டங்களில் சொத்து வழக்கு, வேறு பெண் விவகாரம், போலீஸ் கேஸ் போன்றவற்றைப் பொதுவில் சொல்ல வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். குடியைப் பற்றிச் சொன்னால் போதும். மற்றதை நம்பிக்கையான ஒருவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். அப்படி ஒருவரை ஸ்பான்சர் என்பார்கள், சில வருடமாவது குடிக்காமல் இருப்பவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். பலர் செய்கிற இன்னொரு வழி, சொந்த ஊரைத் தாண்டிப் போவது. கோத்தகிரிக்காரர் குன்னூருக்கு, குன்னூர்க்காரர் ஊட்டிக்கு. அதில் தப்பில்லை. பயம் தெளிந்தபின் பக்கத்துக் கூட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

இதோடு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அண்ணன் குடித்தது ஹட்டியில் யாருக்குத் தெரியாது? கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவரைத் தூக்கி வந்தவர்கள் யார்? மறைக்க வேண்டியது என்று குடும்பம் நினைப்பது பெரும்பாலும் குடியை இல்லை, அதற்கு உதவி கேட்டதை. இதை அண்ணனிடம் நீங்கள் சொன்னால் குத்திக்காட்டுவது போல் ஆகிவிடும், சொல்லாதீர்கள். கூட்டத்தில் வேறொருவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது அவரே கேட்டுக்கொள்வார்.

சர்ச் விஷயம். சந்தேகம் முழுக்க ஆதாரமில்லாதது என்று சொல்லமாட்டேன். ஏஏ 1935ல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தில், குடியில் விழுந்து எழுந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. இருவருமே ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் அந்த வாடை இருக்கிறது. ஆனால் சீக்கிரமே அந்த இயக்கத்திலிருந்து பிரிந்துவிட்டார்கள். படிகளில் 'நாம் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்' என்றுதான் எழுதி வைத்தார்கள். எந்த மதத்தோடும் கட்சியோடும் சேர்வதில்லை என்பது எழுதப்பட்ட கொள்கை. சர்ச் வளாகத்தில் நடப்பது, அங்கே குறைந்த வாடகைக்கு அறை கிடைப்பதால். படகர்களின் தெய்வமான ஹெத்தையம்மனை நினைத்துக்கொண்டு அந்தப் படிகளில் நடந்தவரையும், தொழுகை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவரையும், சாமியே இல்லை, இந்தக் கூட்டம்தான் எனக்குச் சாமி என்றவரையும் எனக்குத் தெரியும். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று சொல்கிற பிரார்த்தனை சிலருக்கு உறுத்தும். வாய் திறக்காமல் நின்றால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

வீட்டில் இன்னொரு பேச்சு வரும்: 'மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறானே, இவனுக்கு எதற்குக் கூட்டம்?' இதை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். சபரிமலைக்கு மாலை போட்டு நாற்பது நாளுக்கு மேல் குடிக்காமல் இருப்பவர், மாலையைக் கழற்றிய வாரத்திலேயே பழையபடி ஆகிறார் என்றால், அவருக்கு நிறுத்தத் தெரியாது என்று அர்த்தமில்லை. நிறுத்தியபடியே இருக்கத்தான் தெரியவில்லை. மாலை போட்ட நாட்களில் விரதம், குருசாமி, கூடவே பஜனை பாடும் பத்துப் பேர், சாமி என்று கூப்பிடும் ஊர் எல்லாம் சுற்றி நிற்கின்றன. அதெல்லாம் ஒரே நாளில் கலைந்துவிடுகிறது. வாரா வாரம் கூட்டம் என்பது அப்படி ஒரு சுற்றத்தைக் கலையாமல் வைத்துக்கொள்கிற ஏற்பாடு. ஒரு எச்சரிக்கையும் இங்கேயே: தினமும் காலையிலிருந்து குடிப்பவர் மாலை போடுவதற்காகத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து உண்டு. நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை தொடங்கும்; இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டு முதல் நாலாவது நாளுக்குள், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வரலாம். அந்தக் கட்டம் உயிரையே எடுக்கக்கூடியது. அதைக் கூட்டம் தடுக்காது, மருத்துவமனைதான் தடுக்கும். அண்ணன் அதைத் தாண்டிவிட்டார். ஆனால் மறுபடி சில வாரம் தொடர்ந்து குடித்துவிட்டால் வீட்டிலேயே பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காமல் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள், அவசரமென்றால் 108.

மையத்தில் மாத்திரை கொடுத்திருந்தால் அது தொடரட்டும். சில பழைய உறுப்பினர்கள், நல்ல மனதோடுதான், 'மாத்திரை எல்லாம் வேண்டாம் தம்பி, கூட்டம் போதும்' என்பார்கள். அது அவர்கள் சொந்தக் கருத்து. மருந்து விஷயத்தில் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள் என்பதுதான் ஏஏவின் நிலை. இன்னொரு பக்கம், 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவான்' என்று யாராவது ஒரு மருந்தையோ பொடியையோ நீட்டினால் வாங்காதீர்கள். குடியை விடுவதற்காகக் கொடுக்கும் டைசல்ஃபிரம் போன்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதைச் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்க வேண்டும். போகிற போக்கில் ஒன்று: 'இந்தக் குளிருக்கு ஒரு குவார்ட்டர் இல்லாமல் முடியுமா' என்பது மலையில் எல்லோரும் சொல்கிற சாக்கு. சாராயம் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிப்பதால் கதகதப்பாகத் தெரிகிறது. அதே வழியாக உடம்பின் உள்சூடு வெளியே போய்விடுகிறது. பனிக்காலத்தில் குடித்துவிட்டு வழியில் படுத்தவர் விறைத்துப் போவது அதனால்தான்.

தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று ஏஏவில் ஒரு பழைய வழக்கம் சொல்வார்கள். தெருவுக்கு ஒரு கூட்டம் நடக்கிற நகரத்தில் பிறந்த யோசனை அது. அண்ணனிடம் யாராவது அதைச் சொல்லி, அவர் நம்மால் முடியாது என்று மொத்தமாக விட்டுவிட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் நேரில், ஞாயிற்றுக்கிழமைப் பகல் கூட்டமாகக் கிடைத்தால் நல்லது, கடைசி பஸ் கவலை இருக்காது. மற்ற நாட்களில் போனிலும் ஜூமிலும். கொரோனாவுக்குப் பிறகு தமிழிலேயே ஆன்லைன் கூட்டங்கள் நடக்கின்றன. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம், பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும் நாட்களுக்கும் அதுவே துணை. ஆனால் ஆன்லைன் மட்டும் போதுமா என்றால், என் அனுபவத்தில் முதல் ஆறு மாதத்துக்குப் போதவில்லை. கூட ஒரு ஆள் டீ குடிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் கூட்டமே இல்லை என்றாலும் வழி உண்டு: இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் அதையே ஒரு குழு என்று சொல்லிக்கொள்ள ஏஏ அனுமதிக்கிறது. அண்ணன் ஓரளவு நிலைத்தபின், கோவையிலிருந்து பழைய உறுப்பினர் ஒருவர் துணையோடு அதைச் செய்யலாம், இப்போது வேண்டாம்.

நீங்கள் போகலாமா என்றால், ஓப்பன் மீட்டிங்குக்குத் தாராளமாக. ஆனால் அண்ணனைக் காவல் காத்துக் கூட்டிப்போவதாக அது ஆகக் கூடாது. முதல் நாள் பஸ் ஸ்டாண்டு வரை போங்கள், பிறகு உறுப்பினர் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். உங்களுக்கும் அண்ணிக்கும் அல்-அனான் இருக்கிறது. ஏஏவைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவி 1951ல் இன்னொருவரோடு சேர்ந்து குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக உண்டாக்கியது. நேரில் கிடைப்பது அரிது, ஆன்லைனில் கேட்டுப் பாருங்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் செய்யக்கூடியது சில உண்டு. வாயை முகர்ந்து பார்ப்பதை நிறுத்துங்கள். ஃபேக்டரியில் தேயிலைப் பணம் போடுகிற நாள், சம்பள நாள், இவற்றில் அண்ணன் யாரோடு இருப்பார் என்பதை அவரோடு பேசி முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு அந்தக் காலி பாட்டில்கள். நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் தருகிறார்கள். காட்டுக்கும் யானைக்கும் நல்ல திட்டம்தான். வீட்டுப் பின்னால் பழைய பாட்டில்கள் சேர்ந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க அண்ணனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். பத்துப் பத்தாக வருகிற அந்தக் காசு கவுன்டரிலேயே செலவாகிவிடும்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் கூட்டத்துக்கு முகம் காட்ட முடியாது என்று அண்ணன் நினைப்பார். அங்கே யாரும் வெளியேற்றமாட்டார்கள், நாள் கணக்கு மட்டும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். போதையில் இருந்தால் பேசாமல் உட்காரச் சொல்வார்கள். இதை இப்போதே, தெளிவாக இருக்கும்போதே, ஆலோசகரோ ஓர் உறுப்பினரோ அவருக்குச் சொல்லிவைப்பது நல்லது. மேலே சொன்ன எண்களை நீங்கள் சேமித்து வைப்பதைவிட அவருடைய போனில் இருப்பது முக்கியம். உதவி எண்ணில் எடுப்பவரும் பெரும்பாலும் 'அவரையே பேசச் சொல்லுங்கள்' என்றுதான் கேட்பார். கோத்தகிரியிலிருந்து வருகிறேன், ஓப்பனா குளோஸ்டா, எத்தனை மணிக்கு முடியும், வாசலில் யார் இருப்பார்கள் என்று அவரே கேட்கட்டும். நீங்கள் பக்கத்து அறையில் இருந்தால் போதும்.